திரைக்குக் கீழே இருந்த வரி

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் எங்கள் பழைய வேனின் ரிப்பேர் புத்தக சிடியைப் போட்டு, பிரேக் சிலிண்டரை நானே மாற்றினேன். மனைவி திரையைப் படித்து ஜன்னல் வழியே வரிவரியாகச் சொன்னாள்.

"அம்புட்டுத்தாங்க, முடிஞ்சிருச்சு" என்றாள்.

மறுநாள் பிள்ளைகளோடு வடமதுரைக் கோயிலுக்குக் கிளம்பினோம். தெருவில் மெதுவாகப் போகையில் பிரேக் பிடித்தது. ரயில்வே கேட் அருகே அழுத்தி மிதித்தபோது கால் அடிவரை இறங்கியது. கைப்பிரேக்கை இழுத்தேன். முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு முழம் இருக்கையில் வண்டி நின்றது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைக் கீழே நகர்த்தினோம். அதுவரை திரையில் தெரியாமல் இன்னொரு வரி இருந்தது: 'பிரேக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றாமல் ஓட்டாதீர்கள்.'

"என்னாலதானே" என்று அழுதாள்.

"மிதிச்சுப் பாக்காம உங்களையெல்லாம் ஏத்துனவன் நான்தானே" என்றேன்.

இப்போது பக்கத்தின் கடைசிவரை இருவரும் பார்க்கிறோம். வேலை முடிந்ததும் வெறும் வண்டியை நான் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன். திரும்பி வரும்வரை அவள் வாசலிலேயே நிற்கிறாள்.