ஒன்பது நிமிடம் வெட்டிய கொலைக்கதை

நான் துபாய்க்குப் போன மூன்றாம் மாதம், ஒரு கிழவரைக் கொன்றது யார் என்று கேட்டு ஏழு போன் வந்தது. பதில் சொல்ல ஆளில்லை. காரணம் நான்.

துபாயின் அல் கூஸ் பகுதியில், ஒரு டிவி சேனலுக்கு எடிட்டிங் செய்து கொடுக்கும் கம்பெனி அது. வருஷம் 2004. என் ப்ரொபேஷன் முடிய ஒரு வாரம் இருந்தது. மேனேஜர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் டிக்கெட் கொடுத்து திருவாரூருக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் வேலை வெட்டுவது. முத்தமும் மதுவும் திரையில் வரக்கூடாது. டேப்பைச் சத்தமில்லாமல் வேகமாக ஓட்டுவோம். பாட்டில், கிளாஸ் தெரிந்தால் நிறுத்தி, டேப்பின் நேர எண்ணான டைம்கோடைக் குறித்து, வெட்டு. கதை கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. மற்றவர்கள் நாளைக்கு ஆறு டேப் முடிப்பார்கள், நான் ஏழு. அதில் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது.

அந்த வாரம் வந்தது எழுபதுகளின் பிரிட்டிஷ் சீரியல் ஒன்று. வாரம் ஒரு கொலை, வாரம் ஒரு புதுக் கதை. அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரர்களைப் போல எடிட்டரைப் படுத்துகிறவர்கள் கிடையாது. வீட்டுக்கு யார் வந்தாலும், விசாரிக்கப் போலீஸே வந்தாலும், முதலில் கிளாஸை நீட்டுகிறார்கள். ஒன்பது நிமிடம் வெட்டினேன். வியாழக்கிழமை மாலை ஒளிபரப்பானது.

முதல் போனே எங்கள் சூப்பர்வைசர் ஸ்டீபன் அண்ணனின் மனைவியிடமிருந்துதான். அண்ணன் நாகர்கோவில்காரர். மறுநாள் வெள்ளி, வார லீவு என்றும் பார்க்காமல் என்னை வரச்சொல்லி, வெட்டாத டேப்பைப் போட்டு, சவுண்டையும் வைத்தார்.

"முழுசாப் பாருடே. எந்திரிக்கப்பிடாது."

பார்த்தேன். பணக்காரக் கிழவர். சொத்துக்கு ஆசைப்பட்ட மருமகன் அவருடைய பிராந்தியில் விஷப்பொடி போடுகிறான். இன்ஸ்பெக்டர் அந்தக் கிளாஸை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கிறார். பொடி போட்டது, குடித்தது, முகர்ந்தது எல்லாமே நான் வெட்டிய ஒன்பது நிமிடத்தில் இருந்தன. சேனலில் வந்ததோ இவ்வளவுதான்: கிழவர் சோபாவில் உட்காருகிறார், செத்துக் கிடக்கிறார், சும்மா நின்ற மருமகனுக்கு விலங்கு.

"மருமவன் கொன்னது கெழவரை. கதையைக் கொன்னது யாருடே?"

"நான்தாண்ணே."

"எம் பொண்டாட்டி ராத்திரி பூரா கேட்டா, அந்தப் பையனை எதுக்குப் புடிச்சாங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறு ஒளிபரப்பு சனிக்கிழமை மதியம். புகார் மேனேஜர் வரைக்கும் போயிருந்தது. வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

உட்கார்ந்து மறுபடி வெட்டினேன். ஊற்றுவது, குடிப்பது, பாட்டில் எல்லாம் போகட்டும். பொடி கிளாஸில் விழும் மூன்று விநாடி, இன்ஸ்பெக்டர் முகரும் நாலு விநாடி, இவை மட்டும் இருக்கட்டும் என்று வைத்தேன்.

சனிக்கிழமை காலை எகிப்துக்கார மேனேஜர், ஒளிபரப்புக்கு முன் தானே பார்க்கிறேன் என்று வந்து உட்கார்ந்தார். விதியில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காதவர். பொடி விழும் இடத்தில் டேப்பை நிறுத்தினார்.

"வாட் இஸ் திஸ்? விஸ்கி?"

ஸ்டீபன் அண்ணன் கூரையைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன்.

"நோ சார். பாய்சன்."

மேனேஜர் முகம் தெளிந்தது. "பாய்சன் நோ ப்ராப்ளம்" என்றவர், கடைசிவரை பார்த்துவிட்டு என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

எடிட்டிங்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெட்டச் சொன்னால் வெட்டத்தான் வேண்டும், சம்பளமே அதற்குத்தான். ஆனால் எது போனால் கதை செத்துப்போகும் என்பது, முழுதாக ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். பார்க்காமல் நான் வெட்டிய கடைசி டேப் அதுதான்.