கேட்காமல் மாற்றிய இன்ஸ்டாலர்

மலேசியாவின் கோத்தா கோலா மூடாவில் ஓர் ஐஸ் பேக்டரி. அங்கே அமோனியா கசிந்தபோது அலாரம் அடிக்கவில்லை. தொழிலாளி முனியாண்டிக்கு வலது கண் போயிற்று. அலாரத்தை ஊமையாக்கியது நான் எழுதிய இன்ஸ்டாலர்.

சுங்கைப் பட்டாணியில் எங்கள் கம்பெனி பில் போடும் மென்பொருள் விற்றது. அதில் பாதி எங்கள் சரக்கே இல்லை; லைப்ரரிகள் என்று பிறர் எழுதி வைத்த துணை நிரல்கள். அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் தானாக இறக்கி ஏற்றும் இன்ஸ்டாலர் ஒன்றைச் செய்தேன். கணினியில் பழைய பதிப்பு இருந்தால் அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். யாரிடமும் கேட்காது.

"கஸ்டமருக்கு என்னா தெரியும்? கேள்வி கேட்டா பயந்துருவான்லா," என்றார் எங்கள் மேனேஜர். படித்த முட்டாள்கள் இருவரும் சிரித்துக்கொண்டோம்.

ஐஸ் பேக்டரி முதலாளி மகா கஞ்சர். பில்லுக்கும் அலாரத்துக்கும் ஒரே கணினி. அலாரம் புரோகிராம் அதே லைப்ரரிகளில் ஒன்றின் பழைய பதிப்பை நம்பி ஓடியது. நான் போய் ஓட்டியதும் என் இன்ஸ்டாலர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பச்சை எழுத்தில் 'வெற்றி' என்றது.

மறுநாள் அங்கே கணக்கெழுதும் கிராணி மங்கை போன் செய்தார்.

"அண்ணே, அலாரம் ரோசாக் ஆயிருச்சு. தொறக்கவே மாட்டுது."

"அது எங்க சாமான் இல்லம்மா."

"நீங்க வந்துட்டுப் போனப்பறந்தாண்ணே இப்படி."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கலா." வைத்துவிட்டேன்.

அந்த வாரமே குழாய் கசிந்தது. செய்தி கேட்டதும் ஓடிப்போய், யாரும் பார்க்காத நேரத்தில் பழைய பதிப்பைத் திரும்ப வைத்தேன். முதலாளி சோதித்துப் பார்த்தபோது அலாரம் அடித்தது.

"நல்லாத்தானே அடிக்கிது! முனியாண்டிதான் சத்தம் தொல்லைன்னு மூடி வச்சிருக்கான்," என்றார் முதலாளி.

"இல்ல பாஸ், இவரு இன்ஸ்டால் பண்ணப்பறம்…" என்று மங்கை தொடங்க, முதலாளி என்னைப் பார்த்தார்.

"எங்க சாப்ட்வேர் அதைத் தொடாது," என்றேன்.

முனியாண்டிக்கு வேலையும் போயிற்று.

அடுத்த பதிப்பில் எங்களுக்கு வேண்டிய லைப்ரரிகளை, பிறருடைய பதிப்பைத் தொடாமல், எங்கள் போல்டருக்குள்ளேயே வைத்தேன். நாலைந்து வரி வேலைதான். பதிப்புக் குறிப்பில் 'சிறு மேம்பாடுகள்' என்று எழுதிக்கொண்டேன். வெட்கம் கெட்டவன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் முனியாண்டியைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"என் மக இன்னமும் நான்தான் அலாரத்த மூடுனேன்னு நினைக்கிது சார். அதுகிட்டப் போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். அந்தப் பெண் என்னை உட்காரச் சொல்லவில்லை.

தம்பிகளே, அடுத்தவர் கணினியில் எதை மாற்றினாலும் கேட்டுவிட்டு மாற்றுங்கள். கெடுத்துவிட்டால் அன்றே சொல்லுங்கள். தள்ளிப்போட்டால், ஒருவரிடம் சொல்ல வேண்டியதை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டிவரும்.