காம்பஸ் அவனிடம், தண்ணீர் என்னிடம்

மலாயாவில் பாலைவனம் கிடையாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஈப்போவைச் சுற்றி ஈயம் தோண்டியவர்கள் மண்ணைக் கழுவி, ஈயத்தை எடுத்துக்கொண்டு, மணலை அப்படியே கொட்டிவிட்டுப் போனார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை மணல். ஒரு புல் முளைக்காது. உச்சி வெயிலில் அதில் வெறுங்காலோடு நின்றால், வேண்டுதல் எதுவும் இல்லாதவனும் தீ மிதித்துவிடுவான்.

நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படித்த காலம். இருபதுகளில் நடந்தது. எங்கள் பூகோள வாத்தியார் வெள்ளைக்காரர், 1914-இல் மூண்ட பெரிய சண்டையில் எகிப்துப் பக்கம் பட்டாளத்தில் இருந்தவர். மழை பெய்தால் ஜன்னலோரம் போய் நின்று, சொத்து பறிபோனவர் மாதிரி வெளியே பார்ப்பார். புத்தகத்தில் பாலைவனப் பாடம் வந்ததும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. படத்தைப் பார்த்துப் படிப்பதெல்லாம் படிப்பா, மணல்காட்டுக்கே நடந்து போவோம் என்றார்.

ஏற்பாடு இதுதான். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து அந்த மணல்காட்டுக்கு வரைபடம் போட வேண்டும். எந்த ஜோடியின் படம் நன்றாக இருக்கிறதோ, அதில் ஒருவன் வழிகாட்டி. யார் என்று அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளலாம். வழிகாட்டியின் கையில் வாத்தியாருடைய காம்பஸ் இருக்கும். பட்டாளத்தில் அவரோடு இருந்த பித்தளைக் காம்பஸ், மூடி போட்டது. மேசைமேல் வைத்து அவர் மூடியைத் திறந்தபோது ஊசி நடுங்கி, யோசித்து, நின்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. பிற்காலத்தில் ஒரு சைக்கிள், ஒரு உத்தியோகம், ஒரு பெண் என்று வரிசையாக ஆசைப்பட்டிருக்கிறேன். எதற்கும் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை. அந்தப் பெண் இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் ஜோடி என் கூட்டாளி. ஈப்போவில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். என் அப்பாவும் அம்மாவும் செமோர் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்; பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் அங்கே மரம் வெட்டுவது என்பார்கள். நான் ஈப்போவை ஒட்டிய சிலிபினில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் யாரும் என் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கூட்டாளிக்கு மட்டும் தெரியும். ஒரு லீவில் தோட்டத்துக்கு வந்து, அம்மா கையால் சாப்பிட்டு, நான் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க ஸ்டோருக்கு ஓடுவதையும் பார்த்தவன்.

"இதப் பள்ளிக்கூடத்துல சொல்லிறாதடா" என்று ரயிலேற்றும்போது கேட்டுக்கொண்டேன்.

"ச்சீ, எங்கம்மா மேல சத்தியம்" என்றான்.

வரைபடத்துக்கு அவன் காகிதமும் வண்ண மசியும் கொண்டுவந்தான். நான் கால்களைக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மணலில் நடந்து நடந்து, எங்கே குட்டை, எங்கே காலை விழுங்கும் சேறு என்று குறித்துக்கொண்டு வருவேன். அடையாளமே இல்லாத மணலில் கோணாமல் நடப்பது எப்படி, தூரத்துச் சுண்ணாம்பு மலைகளில் இரண்டை ஒரே வரிசையில் எப்படிப் பிடித்துக்கொள்வது என்று அவனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவன் இரண்டு முறை, மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்பான். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொள்வேன்.

"நீதான் மச்சான் வழிகாட்டி. எனக்கு அந்த ஊசியப் பாத்தாலே தல சுத்துது" என்று அவனே சொன்னான்.

எங்கள் படம்தான் தேறியது. வகுப்பில் வாத்தியார் அதைத் தூக்கிக் காட்டிவிட்டு, "உங்கள் இருவரில் யார் வழிகாட்டி?" என்று கேட்டார். நான் அடக்கமாக எழுந்திருப்பது எப்படி என்று வீட்டில் பழகி வைத்திருந்தேன். அந்த அடக்கத்தில் பாதி எழுந்தபோது, பக்கத்தில் அவன் முழுதாக எழுந்து நின்றான்.

"நான்தான் சார்" என்றான் இங்கிலீஷில். "இவன் தண்ணீர் சுமக்கட்டும். இவன் அம்மா தோட்டத்தில் மரம் வெட்டுகிறவள். கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டு இவன் ஓடுவான், நானே பார்த்திருக்கிறேன்."

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அவர் சந்தோஷப்பட்டார். பாலைவனம் தயார், ஒட்டகத்துக்கு எங்கே போவது என்று கவலையாக இருந்தது, இப்போது அதுவும் கிடைத்துவிட்டது என்றார்.

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏதாவது செய்தாக வேண்டும். கீழுதட்டைத் தொங்கவிட்டு, கழுத்தை நீட்டி, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினேன். ஒட்டகம் எப்படிக் கத்தும் என்று அங்கே ஒருவனுக்கும் தெரியாது. அதனால் ஒருவனும் குறை சொல்லவில்லை. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மணி அடித்ததும் அவனை வெளியே பிடித்தேன்.

"என்னடா இப்படிச் சொல்லிட்ட?"

"கோவிச்சுக்காத மச்சான். திடீர்னு வாய்ல வந்திருச்சு."

"அம்மாவ இழுத்தது வாய்ல வந்துச்சு, சரி. 'நான்தான் சார்'னு எந்திரிச்சியே, அதுவுமா?"

"எங்கப்பாகிட்ட நாந்தான் வழிகாட்டின்னு சொல்லிட்டேன்டா. அவரு கடைக்கு வர்றவங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டாரு. இப்ப இல்லன்னா எப்படிலா?"

"எப்ப சொன்ன?"

"படம் போட ஆரம்பிச்சப்பவே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நான் மணலில் காலைச் சுட்டுக்கொண்டு திரிந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவன் வழிகாட்டியாகத்தான் இருந்திருக்கிறான். திருப்பித் திருப்பிக் கேட்டதும் அதற்குத்தான். அந்த இடத்தில் ஒரு சுடுசொல் சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சுடுசொல் தாமதமாகத்தான் வரும். அடுத்த வாரம் குளித்துக்கொண்டிருந்தபோது பிரமாதமாக ஒன்று வந்தது. மாமாவிடம் சொல்லிக்காட்டினேன். சோப்பைக் கொடு என்றார்.

சனிக்கிழமை கம்பை எடுத்துவரத் தோட்டத்துக்குப் போனேன். அம்மாவுக்கு விளங்கவில்லை.

"பள்ளிக்கூடத்துக்குக் காண்டாக் கம்பு எதுக்குடா?"

"பாலைவனத்துக்குப் போறோம். நான் தண்ணி தூக்கணும்."

"இங்க தூக்குறது போதாதுன்னா ஒன்ன இங்கிலீசு படிக்க அனுப்புனேன்? நீ தூக்குவேன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

"பாத்தாலே தெரியுதாம்."

அவள் என் தோளைப் பார்த்தாள். மூலையிலிருந்து கம்பை எடுத்து நீட்டினாள். பிறகு, "அந்தக் கடைக்காரரு மவன் வருவானில்ல? கூடவே இருந்துக்க. நல்ல புள்ள" என்றாள். போன தடவை அவன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டானே என்று, நெத்திலிச் சம்பலை ஒரு பால் டின்னில் அடைத்து அவனிடம் கொடுக்கச் சொன்னாள். ரயில் ஈப்போவைத் தொடுவதற்குள் அதை நானே தின்றுவிட்டேன். ஒட்டகத்துக்கும் வாய் உண்டு. ஒவ்வொரு வாய்க்கும் உறைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. சம்பல் காரம் அன்றைக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

போகும் நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு மண்ணெண்ணெய் டின் கொடுத்தார்கள், கழுவி, கொதிக்கவைத்த தண்ணீர் நிரப்பி, மொள்ள ஒரு குவளையோடு. தளும்பாமலிருக்க வாழையிலையைக் கிழித்து மேலே மிதக்கவிட்டேன். மணலில் இறங்கியதும் வாத்தியார் இருபது வயது குறைந்துவிட்டார். காற்று மணலில் போட்டிருந்த வரிகளைக் காட்டினார். மேட்டில் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருப்பது ஏன் என்று கேட்டார். தூரத்தில் தண்ணீர் மாதிரி மினுங்கியதைக் காட்டி, அது தண்ணீர் அல்ல, கானல் என்றார். நான் எல்லாவற்றையும் கடைசியிலிருந்து கேட்டேன். சுமை தூக்குகிறவன் எட்டு வைத்து நடக்கக்கூடாது, சின்னச் சின்ன அடியாகத்தான் ஓட வேண்டும். மணலில் அது நடக்காது. ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் வரை புதைந்தது.

அவன் முன்னால் போனான். காலில் புதுச் சப்பாத்து, கையில் காம்பஸ். அவன் வழி தவற வேண்டும் என்று எங்கள் தோட்டத்து முனியாண்டியை வேண்டிக்கொண்டேன். சேறு வேண்டாம், முழங்கால் ஆழத்தில் ஒரு குட்டை போதும் என்று அளவும் சொல்லியிருந்தேன். அவன் தவறவில்லை. நின்றான், ஊசியைப் பார்த்தான், இரண்டு மலையையும் வரிசையில் பிடித்தான், நடந்தான். வாத்தியார் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தபோது நான் ஒரு மலையை மறைத்து வைத்திருக்கலாம்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது அவன் சப்பாத்துக் கயிறு இரண்டும் அவிழ்ந்துவிட்டது. வாத்தியார் சற்றுத் தள்ளி ஒருவனுக்கு மணல்மேட்டை விளக்கிக்கொண்டிருந்தார். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"மச்சான், இதக் கொஞ்சம் பிடி."

நான் கம்பை இறக்கவில்லை. இறக்கிவைக்கும் நேரத்தில் அவன் கயிறு கட்டி முடித்துவிட்டால்? ஒரு கையால் முன்பக்கத்து டின்னை ஆடாமல் அணைத்துக்கொண்டு, மறுகையை நீட்டினேன். நான் நினைத்ததைவிடக் கனம். பித்தளை அவன் கைச்சூட்டோடு இருந்தது. ஊசியைப் பார்த்தேன். அது வடக்கே நிற்கவில்லை. நடுங்கியது, யோசித்தது, சுற்றிவந்து என் டின்னைக் காட்டி நின்றது. கையைத் திருப்பினேன். மறுபடியும் டின்தான்.

"டேய், தகரத்துக்கிட்ட கொண்டுபோறியே! ஊசி கெட்டுப்போச்சுன்னா சார் என்னையத்தான் கேப்பாரு" என்று பிடுங்கிக்கொண்டான். ஒரு கயிறுதான் கட்டியிருந்தான்.

நாலு அடி தள்ளிப் போனதும் ஊசி சரியாகிவிட்டது போலிருக்கிறது. அவன் கையை உயர்த்தி, "இந்தப் பக்கம்!" என்று கத்தினான். வகுப்பு அந்தப் பக்கம் திரும்பியது.

நான் கம்பை மறுதோளுக்கு மாற்றினேன். கூட்டத்திலிருந்து ஒரு சீனப் பையன் மலாயில் கூப்பிட்டான்: "ஓய், உந்தா! ஆயேர்!" ஒட்டகமே, தண்ணீர் என்று அர்த்தம். நின்றேன். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்கள். இலையை ஒதுக்கி, முதல் குவளையை எனக்கு மொண்டு, அவர்கள் பார்க்கப் பார்க்கக் குடித்தேன்.

வெயிலில் அது வெந்நீராகிவிட்டிருந்தது.