அப்பாசாமி துடைத்த விமானங்கள்

மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் அப்பாசாமி பெயின்டராக இருந்தார். அடிபட்டும் துருப்பிடித்தும் வரும் பஸ்களைத் தேய்த்து, பள்ளங்களை அடைத்து, சாயம் பூசி, நேற்று வாங்கியதுபோல் வெளியே அனுப்புவது அவர் வேலை. 1957-இல் அந்த வேலை இரட்டிப்பானது. ஆகஸ்டு கடைசியில் மலாயாவுக்குச் சுதந்திரம் வருகிறது, அதற்குள் எல்லா பஸ்களும் பளபளக்க வேண்டும் என்று கம்பெனி முதலாளி தவுக்கே சொல்லிவிட்டார். எஞ்சின்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறையில் அப்பாசாமிக்குத் தனி மரியாதை இருந்தது. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரனின் போர் விமானங்களுக்குச் சாயம் பூசியவர் என்று பெயர். இந்தக் கதையை அவர் சொன்னது ஒரே ஒரு முறைதான், 1946-இல், வேலை கேட்டு வந்த அன்று. மற்றவர்கள்தான் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது வேறு. 1943-இல் இருபத்திரண்டு வயது அப்பாசாமி பசாரிலிருந்து மரவள்ளிக் கிழங்கு வாங்கிக்கொண்டு வரும்போது, அப்போது மலாயாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றினார்கள். தம்பின் ரயில் நிலையத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஒரு சிப்பாய் வரிசையின் நடுவில் கையை நீட்டி இரண்டாகப் பிரித்தான். கைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனார்கள். இந்தப் பக்கம் நின்றவர்கள் சிங்கப்பூரில் ஒரு விமானத் தளத்துக்குப் போனார்கள். அந்தப் பக்கத்தின் முதல் ஆள் மருதமுத்து, அடுத்த வீட்டுக்காரர். இந்தப் பக்கத்தின் கடைசி ஆள் அப்பாசாமி. மருதமுத்து திரும்பவில்லை. அப்பாசாமி இரண்டு வருஷம் ஜப்பான் விமானங்களின் எண்ணெயைத் துடைத்து, உரிந்த இடங்களில் பச்சை பூசி, அடி வாங்கி, உயிரோடு வந்து சேர்ந்தார்.

அவர் வந்த சமயம், ஜப்பான்காரனுக்கு வேலை செய்தவர்களை ஊர் ஒருமாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டறையில் கணக்கெழுதும் கிராணி பொன்னுதுரை கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் காகிதத்தில் எழுதிவிட்டுத்தான் நம்புவார்.

"முன்னம் என்ன வேலை பார்த்தனீர்?"

"விமானத்துக்குப் பெயின்ட் அடிச்சேங்க."

"ஆருடைய விமானம்?"

அப்பாசாமி ரெஜிஸ்டரைப் பார்த்தபடி சொன்னார். "வெள்ளைக்காரனோடதுங்க."

கிராணி எழுதிக்கொண்டார். எழுதியபின் அது உண்மையாகிவிட்டது.

சுதந்திரத்தை ஒட்டி மலாக்கா டவுனில் கைவேலைக் கண்காட்சி ஒன்று ஏற்பாடாகியது. கம்பெனி சார்பில் ஏதாவது வைக்கவேண்டும் என்றார் தவுக்கே. கிராணிக்கு யோசனை உடனே வந்தது. சிங்கப்பூருக்குப் போனவர், அங்கே ஒரு கடையிலிருந்து பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டுவந்து அப்பாசாமியின் கையில் வைத்தார். உள்ளே குட்டிக் குட்டியாக இறக்கை, வால், சக்கரம், பசைக் குழாய். ஒட்டினால் ஒரு சாண் கூட வராத ஸ்பிட்ஃபயர் போர் விமானம்.

"ஐசே," யாரையும் அவர் கூப்பிடுவது அப்படித்தான், "இது உம்முடைய விமானம். உம்மை விட்டால் இதற்குச் சாயம் பூச மலாக்காவில் ஆள் இல்லை."

அப்பாசாமி அதுவரை ஸ்பிட்ஃபயரைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஏதோ குண்டு விமானங்கள் தலைக்கு மேலே போனதைக் குப்புறப் படுத்தபடி கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஒட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. பையில் இருந்த படத்தைப் பார்த்துப் பச்சையும் பழுப்பும் பூசி, வட்டச் சின்னங்களைத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினார். அழகாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. வருஷம் முழுக்கப் பழைய பஸ்ஸைப் புதிதாக்கிக்கொண்டிருந்தவருக்கு, மிட்டாய்போல் மினுங்கிய அந்த விமானம் பொய்யாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயால் துடைத்தெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த முறை அடியில் வெள்ளி நிறம் பூசினார். அது காய்ந்ததும், சோற்றுக் கஞ்சியைக் கெட்டியாக்கி ஊசி முனையால் இறக்கையெங்கும் புள்ளி புள்ளியாக வைத்தார். அதன் மேல் பச்சையும் பழுப்பும். மறுநாள் ஈரத் துணியால் தடவியபோது கஞ்சி கரைந்து, மேல் சாயமும் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து, உள்ளே இருந்த வெள்ளி தகரம்போல் பல்லைக் காட்டியது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, புகைபோக்கிகளிலிருந்து பின்னோக்கி விரலால் இழுத்தார். கொல்லைச் செம்மண்ணைத் துணியில் சலித்துச் சக்கரங்களில் தேய்த்தார். விமானி காலை வைத்து ஏறும் இடத்தில் மட்டும் சாயத்தை வழவழவென்று தேய்த்து வெளுக்க வைத்தார்.

மனைவி ருக்மணி எட்டிப் பார்த்தாள். "புதுசா வாங்கின சாமானை ஏங்க இப்படிக் கெடுக்கிறீங்க?"

"வேலைக்குப் போற விமானம் இப்படித்தான் இருக்கும்."

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. அந்தக் கைக்குத் தெரிந்த அழுக்கு ஒரே ஒரு நாட்டுடையது என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

கண்காட்சியில் விமானத்துக்கு முன்னால் கிராணி ஓர் அட்டை எழுதி வைத்தார்: "பிரிட்டிஷ் விமானப் படையில் தொண்டாற்றிய திரு. அப்பாசாமியின் கைவண்ணம்." பரிசுக்குத் தேர்ந்தெடுக்க வந்தவர் கிரெகரி துரை. ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டம் ஒன்றின் மேனேஜர், தோட்டத்தில் கற்ற தமிழைத் தயங்காமல் பேசுவார். சண்டையின்போது அவர் விமானப் படையில் மெக்கானிக்காக இருந்தவர் என்பதை யாரும் அப்பாசாமியிடம் சொல்லியிருக்கவில்லை.

துரை மேசையின் முன்னால் வெகுநேரம் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பூதக் கண்ணாடிபோல் இறக்கைக்கு மேலே பிடித்துப் பார்த்தார்.

"யார் செஞ்சது?"

"நாந்தான் தொரை."

"நீ எந்த விமானத்துல வேலை செஞ்ச?"

"இதே விமானந்தான் தொரை."

துரை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரு. நாங்க அடியில ஒரு பூச்சு பூசிட்டுத்தான் மேல சாயம் அடிப்போம். எங்க விமானம் வெளுக்கும், தேயும். இப்படிப் பாம்பு சட்டை மாதிரி உரியாது. இப்படி உரியற விமானத்தை நான் நாப்பத்தஞ்சுல சிங்கப்பூர்ல வந்து இறங்கினப்ப பார்த்தேன். வரிசையா நின்னுச்சு. எல்லாத்துலயும் சிவப்பு வட்டம்."

அப்பாசாமியின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"எத்தனை வருஷம்?"

"ரெண்டு வருஷம் தொரை."

"அடிச்சானா?"

"அடிச்சான் தொரை."

துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நல்லா செஞ்சிருக்க," என்று சொல்லிவிட்டு, அடுத்த மேசையில் கிளிஞ்சலால் கட்டியிருந்த கோயிலைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் மேடையேறி ஆங்கிலத்தில் பேசினார். அசல் விமானத்தைக் கையால் தொட்டு வேலை செய்தவனால் மட்டுமே இப்படிச் செய்ய முடியும், அதற்கு நானே சாட்சி என்றார். முதல் பரிசு அப்பாசாமிக்கு. துரை சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதைத் தமிழில் எடுத்துச் சொன்ன கிராணி, அவசரத்தில், அப்பாசாமி இல்லாவிட்டால் சிங்கப்பூர் விமானங்கள் பறந்தே இருக்காது என்று சேர்த்துவிட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பரிசு ஒரு சுடுதண்ணீர் ஃபிளாஸ்க், ஒரு சான்றிதழ்.

அதோடு முடியவில்லை. சுதந்திர ஊர்வலத்தில் கம்பெனியின் லாரியில் அப்பாசாமி விமானத்தோடு முன்னால் உட்காரவேண்டும் என்று முடிவாயிற்று. பின்னால் பெரிய எழுத்தில் "எங்கள் வீரர்" என்று எழுதவும் சொன்னார்கள். எழுதவேண்டியவர் பெயின்டர், அதாவது அவரே. "எங்கள்" வரை எழுதினார். அதற்கு மேல் கை போகவில்லை.

அன்றைக்கே ருக்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னார், தம்பின் நிலையத்திலிருந்து தொடங்கி. அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டு முடித்தபின்னும் நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"குளிக்கிறப்ப இச்சி, நி, சான்னு ஜப்பான்காரன் மாதிரி எண்ணித்தானே தண்ணி ஊத்திக்கிறீங்க. வெள்ளைக்காரன் அப்படியா எண்ணக் கத்துக்கொடுப்பான்?"

அப்பாசாமி அவளையே பார்த்தார். "எப்பலேருந்து தெரியும்?"

"கல்யாணமாகி மூணாம் நாளு."

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்க சொல்லல." மீனை அலசக் கொண்டுபோனவள் திரும்பிப் பார்த்தாள். "மருதமுத்து அண்ணன் செத்தது நீங்க நின்ன இடத்தாலயா? பிரிச்சது அந்தச் சிப்பாயோட கைதானே. போய்க் கிராணிகிட்டச் சொல்லுங்க. மனசு லேசாகும்."

மறுநாள் காலை அப்பாசாமி கிராணியின் மேசை முன்னால் போய் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் துடைத்தது ஜப்பான்காரன் விமானம், உங்களிடம் பொய் சொல்லித்தான் வேலைக்கு வந்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னார்.

கிராணி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன ஐசே, ஊர்வலத்தில் இருக்க வெட்கமா?"

"இல்லீங்க, நெசமாத்தான் சொல்றேன்."

"துரை சாட்சி சொன்னவர். சான்றிதழ் இருக்குது. என்னுடைய ரெஜிஸ்டரிலும் இருக்குது. இதுக்கு மேலே நீர் சொல்லி நான் நம்புறதோ?" எழுந்து வந்து தோளைத் தட்டினார். "உம்மைப்போல அடக்கமான மனிசனை நான் பார்த்ததில்லை."

அந்த வாரத்திலிருந்து அப்பாசாமிக்கு வீரர் என்ற பெயரோடு அடக்கமானவர் என்ற பெயரும் சேர்ந்தது. மீதி எழுத்தையும் எழுதி முடித்து, ஊர்வலத்தில் லாரியில் முன்னால் உட்கார்ந்தார். சுதந்திரத்துக்கான மலாய்ச் சொல்லை, "மெர்டேக்கா!" என்று, எல்லோரும் கத்தியபோது அவரும் கத்தினார். அந்தக் கத்தலில் மட்டும் ஒரு சங்கடமும் இருக்கவில்லை என்று பிற்பாடு ருக்மணியிடம் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து அதே சிங்கப்பூர்க் கடையில் ஜப்பான் போர் விமானம் ஒன்றும் பையில் வந்தது. இந்த முறை அப்பாசாமியே போய் வாங்கினார். அவர் துடைத்த வகை அல்ல அது, அதன் பங்காளி. ஆனாலும் எங்கே எண்ணெய் ஒழுகும், எந்த ஆணி வரிசையில் முதலில் சாயம் விடும், மழையில் நின்றபின் அந்தப் பச்சை எப்படிச் சாம்பலாகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் செய்த வேலைகளில் அதுதான் சிறந்தது. முடிந்ததும் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கிராணியிடம் காட்டினார்.

கிராணி திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறக்கையின் அடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"குறை நினைக்கவேண்டாம், ஐசே. அந்த ஸ்பிட்ஃபயர் அசல். இது அப்படி வரவில்லை. இவ்வளவு உரியுமோ ஒரு விமானம்? கிட்ட நின்று பார்க்காததை எப்படிச் செய்யிறது, உம்மிலும் பிழை இல்லை."

அப்பாசாமி விமானத்தைத் திரும்ப வாங்கி, கொண்டுவந்த துணியில் சுற்றிக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார். "கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் போயிருச்சு."