கண்ணாடி சாரின் செய்முறைப் பயிற்சி

என் அக்கா புருஷனுக்குக் கல்லூரியில் 'கண்ணாடி சார்' என்று பெயர். அவர் மூக்குக் கண்ணாடி போடுபவர் அல்ல. தொட்டியின் கண்ணாடியைத் தவிர மீன் சம்பந்தப்பட்ட எதையும் தொடாதவர் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

முன்பு அவர் கண்ணாடித் தொட்டி ஒட்டி விற்கும் கடையில் இருந்தார். மீன் காட்சியகங்களுக்கும் மீன் பண்ணைகளுக்கும் ஆள் தயார் செய்யும் படிப்பைக் கல்லூரியில் தொடங்கியபோது தொட்டிகள் அந்தக் கடையிலிருந்து வந்தன. இறக்கி வைக்க வந்தவர் திரும்பிப் போகவில்லை. முதல்வரை நிறுத்தி வைத்து அரை மணி நேரம் பேசியிருக்கிறார். முதல்வர் மயங்கிவிட்டார். செய்முறைப் பயிற்சிக்கு இவரையே போட்டுவிட்டார்கள். "தொட்டி வாங்கினா ஒரு சார் இலவசம்," என்று அக்காவே ஒருமுறை சொல்லிச் சிரித்தாள், அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

அவருடைய சாப்பாட்டுக் கேரியரைத் தினமும் நான்தான் கொண்டுபோவேன். மீன் கூடத்தின் வாசலோரம் ஒரு ஸ்டூல் கிடக்கும். பாடம் முடியும்வரை அதில் உட்கார்ந்திருப்பேன்.

கூடத்துக் கதவில் 'கையால் செய்து கற்போம்' என்று ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும். எழுத வைத்தவர் மாமாதான். உள்ளே போனால் தொட்டிகளுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதைப் போட வைத்தவரும் மாமாதான். பிள்ளைகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அவர் அந்தப் பக்கம் நின்று, ஒரு நீளக் குச்சியால் இது மீன், இது வடிகட்டி, இது காற்றுக்குழாய் என்று காட்டுவார்.

"சார், ஒரு மீனை வலையில பிடிச்சுப் பாக்கலாமா?"

"எதுக்கு? இங்கேருந்தே பளிச்சுனு தெரியுதே."

"செவுளைப் பாக்கணும் சார்."

"உன் மூஞ்சியக் கிட்டத்துல பாத்தா அது பயந்துரும்பா. கோட்டுக்குப் பின்னால போ."

கூடத்துக்குப் பின்புறம் திலேப்பியா வளர்க்கும் சிமெண்டுத் தொட்டிகள் உண்டு. அதில் இறங்கி மீன்களைப் பிடித்து எடை போடும் நாளில் மாமாவுக்குத் தவறாமல் இடுப்பு பிடித்துக்கொள்ளும். காலையில் அவர் தைலம் தேடினாலே, "இன்னைக்கு எடை போடுற நாளா?" என்று அக்கா கேட்டுவிடுவாள்.

உண்மையான வகுப்பு அவர் ஓய்வறையில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த ஒரு மணி நேரம்தான். அவர் தலை மறைந்ததும் பிள்ளைகள் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். மேல் வகுப்புப் பிள்ளைகள் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். முழங்கை வரை நனைந்துகொண்டு வலை வீசுவார்கள், குழாய் மாட்டுவார்கள், தண்ணீரைச் சோதிப்பார்கள். ஏப்பம் கேட்டதும் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்றுகொள்வார்கள்.

இத்தனை வருஷத்தில் மாமாவின் கை தொட்டிக்குள் நனைந்தது ஒரே ஒரு நாள். அதைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது.

அக்கா மகள் அதே படிப்பில் சேர்ந்தாள். அப்பா இருக்கிறார் என்பதற்காகச் சேரவில்லை. அப்பா இருந்தும் சேர்ந்தாள். எந்த நேரமும் கையில் வாளியோடு திரிவதால் கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவள் 'வாளி'. கடைசி வருஷத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொட்டி கொடுப்பார்கள். வெறும் தொட்டியில் தண்ணீர் நிரப்புவதிலிருந்து மீன் வளர்ப்பது வரை அவரவர் பொறுப்பு. வருஷ முடிவில் பெரிய மீன் காட்சியகத்திலிருந்து ஆள் வந்து பார்த்து, ஒரே ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். வாளிக்கு அந்த வேலையைத் தவிர வேறு நினைப்பே இல்லை. கிடைக்காவிட்டால் என்ன என்பதையும் மாமா முடிவு செய்து வைத்திருந்தார். பழைய கடை முதலாளியிடம் பேசியாகிவிட்டது. கல்லாவில் உட்கார்ந்து தொட்டி விற்க வேண்டும்.

வாளியின் தொட்டி பார்க்க அப்படியொன்றும் அழகில்லை. பின்பக்கக் கண்ணாடியில் பாசி. வடிகட்டிக்குள் இருந்த பஞ்சு சேற்றில் முக்கி எடுத்தது மாதிரி இருக்கும். மீன்கள் மட்டும் கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பஞ்சைக் கசக்கினால் என்ன என்று நான் கேட்டேன்.

"ஐயோ சித்தி, அது அழுக்கு இல்ல. கண்ணுக்குத் தெரியாத உயிருங்க அதுல கோடிக்கணக்கா இருக்கு. மீனோட கழிவை அதுங்கதான் தின்னு தீர்க்குது. அதுங்க செத்தா மீன் தன் கழிவுலயே வெந்து போயிரும்."

மாமாவுக்கும் இதையே சொல்லியிருக்கிறாள். அவர் காதில் ஏறவில்லை.

"வர்றவங்களுக்குச் சாக்கடையைக் காட்டப் போறியா? கண்ணாடி சார் பொண்ணு தொட்டின்னு நாலு பேர் சிரிக்கவா?"

"சிரிச்சா சிரிக்கட்டும்பா. நீங்க தொடாம இருந்தா போதும்."

"நான் எதுக்குடி தொடப் போறேன்?" என்றார். அது நியாயமான கேள்வி. அதுவரை அவர் எதையும் தொட்டதில்லையே.

காட்சியகத்து ஆட்கள் வருவதற்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளைகள் எல்லோரும் மீன் பண்ணை ஒன்றுக்கு அறுவடை பார்க்கப் போனார்கள். கூடப் போக வேண்டிய மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் சனிக்கிழமை எங்கேயோ போய்விட்டு, சட்டைக் கை இரண்டும் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தார்.

"என்னங்க இது, வெளியில மழையா?" என்றாள் அக்கா.

"ஆமா, லேசாத் தூறல்." சொல்லிவிட்டுத் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

அக்கா ஜன்னலை எட்டிப் பார்த்தாள். தெருவில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

திங்கட்கிழமை, வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லியிருந்தார் மாமா. நானும் அக்காவும் காலையிலேயே போய்விட்டோம். கூடத்துக்குள் ஒரே ஓட்டமும் நடையுமாக இருந்தது. மற்ற தொட்டிகளெல்லாம் வழக்கம்போலப் பாசியும் சேறுமாக, மீன்கள் நிம்மதியாக. வாளியின் தொட்டி மட்டும் வைரம் மாதிரி மின்னியது. அதில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு மீன்கள் தொட்டியின் அடியில் கிடந்தன. பாசியைச் சுரண்டி, கூழாங்கல்லைக் கழுவி, பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் வெள்ளைவெளேரென்று அலசி, முழுத் தொட்டியையும் குளோரின் போட்ட அதே குழாய்த் தண்ணீரால் நிரப்பி வைத்திருந்தது யாரோ ஒரு கை.

வாளி அழவில்லை. பீப்பாயில் ஆறப்போட்டிருந்த தண்ணீரை மொண்டு ஊற்றினாள். குளோரினை முறிக்கும் மருந்தைச் சொட்டினாள். பிறகு தோழிகளைப் பார்த்து, "உங்க பஞ்சைக் கொஞ்சம் குடுங்கடி," என்றாள். அவளோடு வேலைக்குப் போட்டி போடுகிற பிள்ளைகள்தான். ஆளாளுக்குத் தங்கள் தொட்டிப் பஞ்சை எடுத்துவந்து அவள் தொட்டிக்குள் பிழிந்தார்கள். பளிங்குத் தண்ணீர் ஒரு நிமிஷத்தில் குட்டையாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாமா, காட்சியகத்து அம்மாவை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார் அந்த அம்மா.

"ஏய்! ஏய்! என்ன பண்றீங்க? இவ்ளோ சுத்தமா இருந்த தொட்டியில சாக்கடையை ஊத்துறாங்களே!" மாமா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று குதித்தார்.

அந்த அம்மா கோட்டைக் கவனிக்கவே இல்லை. தாண்டிப் போய்க் குனிந்து பார்த்தார். "இந்தப் பஞ்சை அலசினது யாரு?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை மாமா. "என் பொண்ணுதாங்க. சின்னப் புள்ள, ஆர்வக்கோளாறு. எத்தனை தடவை சொல்லிக் குடுத்தாலும் கேக்கறதில்ல."

வாளியின் கை பஞ்சோடு நின்றது. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். "என் தொட்டி மேடம். பொழைக்க வைக்கிற வழியை மொதல்ல பாக்குறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி பிழிய ஆரம்பித்தாள்.

அந்த அம்மா சோதனைக் குழாயையும் மருந்து பாட்டிலையும் மாமாவிடம் நீட்டினார். "சார், நீங்க பயிற்சி குடுக்குறவரு. தண்ணி எப்படி இருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

தொட்டித் தண்ணீரில் அந்த மருந்தை விட்டால், மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சை ஏற ஏற விஷம். முதல் வருஷப் பிள்ளைகள் சேர்ந்த வாரமே படிப்பது இது, அதுவும் மாமா சாப்பிடும் நேரத்தில். மாமா மருந்தைச் சொட்டி, குழாயை ஆட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கரும்பச்சை.

"அடடா! பாருங்க மேடம், பச்சைப் பசேல்னு. ஆத்துத் தண்ணி தோத்துப் போகும். அருமையான தண்ணி!"

ஒரு பையன் இருமுகிற மாதிரி சிரித்தான். மாமா குழாயை இன்னும் உயர்த்திப் பிடித்தார், பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று.

வாசலில் என் பக்கத்தில் நின்ற அக்கா, கேரியரைக் கீழே வைத்தாள். "சனிக்கிழமை மழையே பெய்யலைங்க," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

மாமாவின் கை மெல்ல இறங்கியது. காட்சியகத்து அம்மா அவரிடம் வேறெதுவும் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பஞ்சை வாங்கிப் பிழிந்தார். சாயங்காலத்துக்குள் சில மீன்கள் செத்தன. மற்றவை கீழே இறங்கி நீந்தத் தொடங்கின.

வேலை வாளிக்குத்தான். காட்சிக்கு வைத்திருக்கும் தொட்டிகளில் இல்லை. புதிதாக வந்த மீனையும் நோய்ப்பட்ட மீனையும் வைத்துப் பார்க்கும் பின்னறையில். அழுக்கைப் பிழியக் கூச்சப்படாத பெண்தான் அங்கே வேண்டுமாம். அவளுக்குப் பஞ்சு கொடுத்த இரண்டு பிள்ளைகளைப் பண்ணைக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மாமா என்ன ஆனார் என்கிறீர்களா? அவருக்கென்ன. புது வகுப்பு சேர்ந்ததும் கோட்டுக்கு மறுபுறம் நின்று, அந்தத் திங்கட்கிழமை நடந்ததெல்லாம் தானே வேண்டுமென்றே வைத்த அவசரகாலப் பயிற்சி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். "இந்தக் கையாலதான் அவளை உருவாக்கினேன்," என்று கையைத் தூக்கிக் காட்டுகிறார்.

போன வாரம் வாளி போனில் பேசினாள். அவள் வேலையிடத்தைப் பார்க்க அப்பா ஆசைப்படுகிறார் என்று அக்கா அவளிடம் சொன்னாள்.

"வரட்டும்மா. பொதுஜனம் நிக்கிற பக்கம் நல்ல பெரிய கண்ணாடி இருக்கு. அதுக்கு வெளியில நின்னு எவ்ளோ நேரம் வேணாலும் பாக்கட்டும்."

மாமா தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், மகள் தனக்கென்று கண்ணாடி முன்னால் தனி இடம் ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று.