சிவப்பு வரிகளுக்கு நடுவே ஒரு தோட்டம்

கம்ப்யூட்டரைக் கண்காணிக்கும் வேலை என்பது, வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அழும் ஆயாக்கொட்டகையில் எந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே வயிற்றுவலி என்று கண்டுபிடிக்கிற வேலை. நாள் முழுக்க ஏதோ ஒரு மணிச் சத்தத்துக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், சிரம்பானில் ஒரு தோட்டக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. மம்பாவிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மகள் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று மாதா கோயிலில் பாதர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். கம்பெனியின் தோட்ட ஆபீஸ்களில் இருந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் டெலிபோன் கம்பி வழியாக எங்கள் அறையோடு இணைத்திருந்தார்கள். எங்காவது பழுது என்றால் எங்கள் திரையில் ஒரு சிவப்பு வரி விழும், ஒரு 'பீப்' வரும். பார்த்துவிட்டோம் என்பதற்கு அடையாளமாக நாங்கள் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்.

முதல் நாள்

குணா அண்ணன் எனக்குப் பல வருடம் முன்பே அந்த நாற்காலிக்கு வந்தவர். நான் போன முதல் நாள் காலையிலேயே திரை முழுக்கச் சிவப்பு. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அது மேலே ஏறி மறைந்துவிடும். பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தது, யாரோ பாஸ்வர்டைத் தப்பாகப் போட்டது, ஒரு மெஷின் சூடானது, அதே மெஷின் ஆறியது. அண்ணன் பால் ஊற்றாத தே ஓவைக் குடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்த பேனாவை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எல்லாத்தையும் படிச்சா பைத்தியம் புடிச்சிரும், தங்கச்சி. பட்டன மட்டும் தட்டு."

மழை நேரம்

மத்தியானம் வானம் இருட்டினால், இனி நாற்காலியைவிட்டு எழ முடியாது என்று எங்களுக்குத் தெரியும். இடி விழுந்து ஒரு தோட்டத்துக்கு டெலிபோன் கம்பி போனால், போனது என்று ஒரு வரி வந்தால் போதாதா? அந்த ஆபீஸிலிருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும், ஒவ்வொரு பிரிண்டரும் தனித்தனியாகக் காணாமல் போனதாக வரி விழும். சற்று நேரம் கழித்து, இன்னும் காணோம் என்று மறுபடியும் விழும். நாலைந்து தோட்டம் சேர்ந்து போய்விட்டால் 'பீப்' விட்டுவிட்டு வராது, ஒரே இழுப்பாக இழுக்கும்.

போன் வேலை செய்யும் தோட்டம் என்றால் ஒவ்வொரு வரிக்கும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாள் போர்டிக்சன் போகிற வழியில் இருந்த ஒரு தோட்டத்தில் கரண்ட் மட்டும் போயிருந்தது. அங்கே ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த மாரிமுத்துவைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று கேட்டேன், பக்கத்துக் கம்ப்யூட்டரைக் கேட்டேன், பிரிண்டரையும் கேட்டேன். வயதில் மூத்தவர், பொறுமைசாலி. எல்லாம் கேட்டு முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"கரண்டே இல்லாம மெழுகுவத்தி ஏத்தி வச்சிட்டு உக்காந்திருக்கோம், மிஸ். பிரிண்டர் மட்டும் எப்படி லா ஓடும்?"

குறைக்கச் சொன்னது

கம்ப்யூட்டரை விற்ற கம்பெனியிலிருந்து ஒரு சீன இளைஞர் பழுது பார்க்க வருவார். அவரிடம் கேட்டேன். ஒரு தோட்டத்துக்குக் கம்பி போனால் ஒரே வரி மட்டும் வருகிற மாதிரி செய்யலாம், பெரிய வேலை இல்லை, உங்கள் மேனேஜர் சரி என்றால் இன்றைக்கே செய்து தருகிறேன் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே மேனேஜர் சிதம்பரத்திடம் போனேன். சிரம்பானில் பெரிய கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொல்லி, முழுவதும் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இத்தனை ஆயிரம் அலாரத்தைப் பார்த்தோம் என்று மாதாமாதம் கோலாலம்பூர்த் தலைமை ஆபீஸுக்குச் சொல்லித்தான் இந்த அறையையே காப்பாற்றி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"அலாரம் கொறஞ்சா, அப்புறம் எதுக்கு அங்க இத்தன பேருன்னு மேல கேப்பாங்க லா, ஸ்டெல்லா."

கல்யாண வீட்டில்

குணா அண்ணனின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ப் பந்தியில் யாருடைய கைக்கடிகாரமோ 'பீப்' என்றது. அண்ணனின் இடதுகை விரல் தானாக மேசையைத் தட்டியது. அவர் சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார், விரல் தட்டியதே அவருக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஒரு பயமும் வந்தது, ஏனென்றால் என் விரலும் அசைந்திருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி இதைப் பார்த்துவிட்டார்.

"வீட்டுல நான் பேசினாலும் இப்படித்தான். கேட்ட மாதிரி ஒரு தட்டு, அதோட முடிஞ்சிது."

கம்பி போன சாயங்காலம்

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அடித்த காற்றில் பாதித் தோட்டங்களுக்குக் கம்பி போய்விட்டது. மழை விட்டதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வந்த ஒவ்வொரு மெஷினும் வந்துவிட்டேன் என்று ஒரு வரி போட்டது. திரை குணா அண்ணனிடம் இருந்தது. நான் பக்கத்து மேசையில் போனைப் பிடித்துக்கொண்டு, திரும்பி வந்த தோட்டங்களில் விசாரித்துக்கொண்டிருந்தேன். மாரிமுத்துவின் தோட்டம் மட்டும் வரவில்லை. இன்னும் காணோம் என்ற அதன் வரி, மற்ற நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே வந்து வந்து போயிருக்கிறது. அண்ணன் பட்டனைத் தட்டியிருக்கிறார், நாங்கள் எல்லாரும் தட்டுவதைப் போல. கம்பி நெடுநேரம் வராவிட்டால் டிரான்ஸ்போர்ட் பிரிவுக்குச் சொல்லி, என்ன ஆயிற்று என்று பார்த்துவர அந்தத் தோட்டத்துக்கு வேன் அனுப்ப வேண்டும். யாரும் சொல்லவில்லை, வேன் போகவில்லை.

அந்தத் தோட்டத்தில் லாரி ஓட்டும் வேலுவின் மனைவி ராணிக்கு அன்று பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்று தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரசர் சொல்லிவிட்டார். ஆம்புலன்சைக் கூப்பிட போன் இல்லை. தோட்டத்துப் பாதையில் மரம் விழுந்து கிடந்தது. ஆட்கள் அதை வெட்டி நகர்த்திய பிறகு, வேலு தன் லாரியிலேயே ராணியைக் கொண்டுபோனார். ராணி பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. வேன் நேரத்தோடு போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. மறுநாள் காலை கம்பி வந்ததும் மாரிமுத்துதான் கூப்பிட்டுச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"போனைத் தூக்கித் தூக்கிப் பாத்தோம், மிஸ். உசுரே இல்ல."

வேலு வந்தார்

தோட்டத்துக் காகிதப் பைகளை வாரத்துக்கு ஒருமுறை சிரம்பானுக்குக் கொண்டுவருவது வேலுதான். சில வாரம் வேறு ஆள் வந்தார். பிறகு அவரே வந்தார். பையை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். எங்க தோட்டம் இந்தத் திரையில் எங்கே தெரியும் என்று கேட்டார். குணா அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அதன் வரி வரும்போது காட்டுகிறேன் என்றேன். நானும் அவரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன. கடைசியில் அவர் தோட்டத்தின் பெயர் வந்தது. நான் விரலை வைப்பதற்குள் மேலே போய்விட்டது. அவர் தலையை ஆட்டினார்.

"இத்தன பேரு கத்துற எடத்துல எங்க சத்தம் எப்படி மிஸ் கேக்கும்?"

விசாரணை

கோலாலம்பூரிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். அந்த வரி வந்த ஒவ்வொரு தடவையும் குணா அண்ணன் பட்டனைத் தட்டியிருப்பதை மெஷினே காட்டியது. தட்டினால் பார்த்தார் என்று அர்த்தம், பார்த்தும் சும்மா இருந்தார் என்று முடிவு கட்டினார்கள். அலாரத்தைக் குறைக்கச் சொல்லி நான் முன்பே கேட்டேன் என்று எழுந்து சொன்னேன். எல்லாரும் சிதம்பரத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அப்படி ஒன்றும் தமக்கு ஞாபகம் இல்லை என்றார்.

அண்ணனை ஒரு தோட்டத்தில் உர ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதோடு ஒரு புது ஏற்பாடும் வந்தது. இனிமேல் ஒரு அலாரத்தை நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்றால், கவனிக்கவில்லை என்று இன்னொரு அலாரம் அடிக்கும். நான் கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடிக்கப் போய்விட்டேன். அதற்கு முன்பு, அண்ணன் தன் மேசையைக் காலி செய்த அன்று, புது அலாரம் என் திரையில் முதல் தடவையாக அடித்தது. டிராயரை மூடிக்கொண்டே அவர் சொன்னார்:

"பாக்க முடியலன்னு சொன்னோம். பாக்குறதுக்கு இன்னொன்னு சேத்துக் குடுத்துட்டாங்க."

ஆக, அந்த அறையில் இருந்த வருடங்களில் சிதம்பரம் முதல் நான் வரை நாங்கள் அத்தனை பேரும் ஒரு தடவைகூடத் தவறவிடாமல் கவனித்து வந்தது மேலதிகாரிகளின் முகத்தை மட்டும்தான்.