வெயில் தேடிப் போன துணி

என் அண்ணன் மனைவி இசக்கி மதினி இறந்த பதினாறாம் நாள் விசேஷத்தில், பந்தியில் இருந்த ஒருவர், அவள் முன்பு கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன கதையைச் சொல்லிச் சிரித்தார். அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை. துணி காயப்போடப் போனாள்.

எண்பத்தேழு கார்த்திகை. அக்கா தலைப்பிரசவத்துக்கு ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை. அண்ணனுடைய பழைய வேட்டிகளையும் என்னுடையதையும் கிழித்துப் பிள்ளைக்குப் போட்டோம். கிழிக்கக் கிழிக்க நனைந்தது. நடுவீட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி. குனியாமல் யாரும் அடுப்படிக்குப் போக முடியாது.

மதினிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. பிள்ளையைத் தூக்க அம்மா அவளை விடமாட்டாள். துணி மட்டும் அவள் பொறுப்பு. கரி நெருப்பின்மேல் கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக விரித்துக் காயவைப்பாள். கூடையிலிருந்து கொடிக்கு ஓடுவாள், கொடியிலிருந்து வாசலுக்கு, வானத்தைப் பார்க்க. புகையில் கண் எந்நேரமும் சிவந்தே இருக்கும். அந்த வாரம் அம்மா, அண்ணனுக்கு இன்னொரு பெண் கேட்டுத் தேவதானத்துக்கு ஆள் அனுப்பியிருந்தாள். வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசவில்லை.

ஒருநாள் காலையில் பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்: "சீவில்லிபுத்தூர்ல வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. இங்கதான் இந்தக் கூத்து."

மதினியின் பிறந்த வீடு அங்கேதான். பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

மத்தியானம் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது, பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்த தனுஷ்கோடி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"யக்கா, ஒங்க மருமக மூட்டையோட பஸ் ஏறிட்டா. அழுது அழுது கண்ணு செவந்து கெடக்கு."

"போனா போறா," என்றாள் அம்மா. "தானா போனவ தானா வரட்டும்."

அப்போது உள்ளே அக்கா கத்தினாள். "அம்மா, இவன் நனைச்சுட்டான். ஒரு துணியக்கூடக் காணோம்!"

கொடி வெறுமையாக இருந்தது. "பாத்தியா, போறவ துணியையும்லா தூக்கிட்டுப் போயிட்டா!" என்றாள் அம்மா.

"பீத்துணியப் போயி யாராச்சும் களவாங்குவாகளா?" என்றாள் அக்கா.

என் துண்டைப் பிள்ளைக்குச் சுற்றிவிட்டு, அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். விளக்கு வைத்த பிறகு பிள்ளைத்துணி வெளியே கிடக்கக் கூடாது என்பது அம்மாவின் கவலை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கண் கூசும் வெயில். மதினியின் அண்ணன் சோலைராஜ், வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க. இப்பவாச்சும் கூப்பிட வரணும்னு தோணுச்சே."

"துணி எடுக்க வந்தேன்."

"நல்லாருக்கு. துணி காயப்போட ஒருத்தி பஸ் ஏறி வருவாளாக்கும்? இவளும் வந்ததுல இருந்து அதையேதான் சொல்லுதா."

மதினி மடித்த துணிகளைக் கொண்டுவந்து அம்மா கையில் வைத்தாள். "பிள்ளைட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், அத்தை. நீங்க ரேசன் கடைக்குப் போயிட்டிய. வேற யாரும் முழிச்சிருக்கல."

"சரி, கெளம்பு."

மதினி நகரவில்லை. "துணிக்குத்தான் வந்தேன். எங்கண்ணன் நம்பல. இல்ல, இல்லன்னு சொல்லிச் சொல்லி, பொறவு எனக்கே தோணுச்சு, நான் ஏன் கோவிச்சுக்கிட்டு வரலன்னு. தேவதானத்துக்கு ஆள் போனது எனக்குத் தெரியும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இனிமே போகாதுன்னு எங்கண்ணன் முன்னால சொல்லுங்க. வாரேன்."

அம்மா படியிறங்கி, தெருவில் நாலடி நடந்து, திரும்பி வந்தாள். மூட்டையைக் கை மாற்றினாள். "ஏலே, பஸ்ஸு எப்ப?" என்று என்னிடம் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை.

"போகாது."

"என்ன போகாது?" என்றார் சோலைராஜ்.

"தேவதானத்துக்கு ஆள் போகாதுய்யா, போதுமா? ஏட்டி, செருப்பப் போடு. பிள்ள ஈரத்துல கெடக்கான்."

பஸ்ஸில் வரும்போது, மழை மறுபடி பிடித்துக்கொண்ட பிறகு மதினி கேட்டாள். "ஆள் அனுப்புனதுக்கு அவிய என்ன சொன்னாக?"

"அவன் அப்பவே வேண்டாம்னுட்டான். நாந்தான் கேக்கல."

"எங்கிட்டச் சொல்லலையே."

சாயங்காலம் அண்ணன் மில்லிலிருந்து வந்து ஈரச் சட்டையைக் கழற்றும் முன்பே மதினி அவன் எதிரில் போய் நின்றாள். "வேண்டாம்னு சொன்னவிய, அத எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?" அவள் குரல் எங்கள் வீட்டில் வாசல்வரை கேட்டது அன்றுதான். அண்ணன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றான்.

"சொல்லத் தெரியலட்டி," என்றான்.